கம்பெனி சம்பளத்தை அமுக்கினால் அது கர்த்தரின் கவாத்தா?

கேள்வி: வேலை போய் நாலு மாதம் ஆகிறது. கடைசி இரண்டு மாதச் சம்பளத்தையும் கம்பெனி தரவில்லை. ஜெபிக்க வந்த ஊழியக்காரர், "மறைவான பாவம் இருக்கிறது, அதனால்தான் கர்த்தர் கொடியை வெட்டுகிறார், விசேஷக் காணிக்கை வைத்தால் நின்றுவிடும்" என்கிறார். அம்மாவின் சங்கிலியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சகோதரி. சங்கிலியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு யோவான் 15-ஆம் அதிகாரத்தைத் திறங்கள்.

இரண்டாம் வசனத்தில் இரண்டு திராட்சைக் கொடிகள் இருக்கின்றன. கனி கொடாததை அறுத்துப்போடுகிறார். கனி கொடுக்கிறதை, இன்னும் அதிகமாகக் கொடுக்கும்படி சுத்தம்பண்ணுகிறார், அதாவது கிளைகளை வெட்டிவிட்டுக் கவாத்து பண்ணுகிறார். கவாத்துக் கத்தி படுவது ஏற்கெனவே காய்க்கிற கொடியில். பாவத்துக்கு அபராதம் என்று அதில் எங்கே இருக்கிறது? தோட்டக்காரர் பிதா என்று முதல் வசனமே சொல்லிவிடுகிறது, நடுவில் புரோக்கர் கிடையாது.

தேனி மாவட்டத்துக் கம்பம் பக்கம் கவாத்து முடிந்த திராட்சைத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். பந்தலில் மொட்டைக் குச்சிகள்தான் இருக்கும், சில வெட்டுவாயில் நீர் சொட்டிக்கொண்டிருக்கும், பட்டே போச்சு என்று நினைப்பீர்கள். ஆனால் வெட்டுகிறவர் எத்தனை கண் (தளிர் விடும் மொட்டு) விட வேண்டுமோ அத்தனையை விட்டுத்தான் வெட்டியிருப்பார். அந்தக் கண்ணில் வருகிற புதுத் தளிரில்தான் பூங்கொத்து பிடிக்கும், பழம் பறிக்கச் சுமார் நாலு மாதம் ஆகும். காணிக்கை வைத்து நிறுத்த வேண்டிய காரியமா இது? கனி என்ன என்பதை கலாத்தியர் 5:22, 23-இல் பாருங்கள்: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடியபொறுமை என்று ஒன்பது வருகிறது. சம்பள உயர்வும் வீட்டு மனையும் அந்தப் பட்டியலில் இல்லை.

அதற்காக எல்லா இழப்பையும் கவாத்து என்று சொல்லிவிடக் கூடாது, உங்கள் விஷயத்தில் முக்கியமே இதுதான். வேலை போனதை அப்படி எடுத்துக்கொண்டு ஜெபிக்கலாம், தப்பில்லை. ஆனால் உழைத்த கூலியை ஒருவன் பிடித்து வைத்தால் அது அநியாயம். யாக்கோபு 5:4 அதைத்தான் சொல்கிறது: பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் கர்த்தரின் செவியில் பட்டது. கூலியைப் பிடித்தவன் பக்கம் அவர் நிற்கவில்லை என்னும்போது, நீங்கள் மட்டும் ஏன் "கர்த்தர் சித்தம்" என்று சும்மா இருக்க வேண்டும்? பொறுமை ஆவியின் கனிதான், மனு போடாமல் இருப்பது அந்தக் கனியில் சேராது. கம்பெனிக்காரர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வருகிறவராக இருந்தாலும் இதே பதில்தான்.

இதையெல்லாம் சபையில் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். கமிட்டித் தேர்தலுக்கு வீடு வீடாக வர நேரம் இருக்கிறது, ஒரு அதிகாரத்தை உட்கார்ந்து நடத்த ஆள் இல்லை. அந்த இடைவெளியில்தான் யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.

சம்பளச் சீட்டு, வேலை நியமனக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் மனு கொடுங்கள், நகலில் சீல் வாங்காமல் வராதீர்கள். ஊழியக்காரர் மறுபடி வந்தால் டீ கொடுங்கள், அது போதும்.