பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டைக் காட்டும் முன்

கேள்வி: மயிலாடுதுறை பக்கத்துக் கிராமத்தில் அப்பா கட்டிய, முற்றம் வைத்த ஓட்டு வீடு. அம்மாவும் போன பிறகு இரண்டு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. விற்றுவிடலாம் என்றிருக்கிறோம்; தை பிறந்ததும் வாங்க ஆட்களை அழைத்து வருவதாகத் தரகர் சொல்கிறார். நான், அண்ணன், அக்கா மூவரும் சென்னையில். வீடு முழுக்கப் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: பெயின்ட்டை இப்போதைக்கு விடுங்கள். நம் பக்கம் வீடு பார்க்க வருகிறவர் முதலில் சுவரின் அடிப்பகுதியைத்தான் தடவிப் பார்ப்பார். களிமண் பூமி, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். பழைய செங்கல் சுவர் அந்த ஈரத்தை உறிஞ்சி ஏற்றும். உப்பு பூத்து, காரை பொரிந்து நிற்பது அதனால்தான். அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொப்பளித்து உரியும். பார்ப்பவருக்கு, இன்னும் எதை மறைத்திருக்கிறார்களோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

மார்கழியில் மழை ஓய்ந்ததும் ஒருவர் ஊருக்குப் போய்ப் பத்து நாளாவது தங்குங்கள். முதலில் நகர்ந்த, உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். மேலே ஒழுகும்போது கீழே செய்யும் வேலை வீண். பிறகு கதவு, ஜன்னல் எல்லாம் பகல் முழுக்கத் திறந்தே இருக்கட்டும். பொரிந்த காரையைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். நன்றாகக் காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள், போதும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை அடைக்காது.

முற்றத்துத் தூம்பில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, தேங்காமல் போகிறதா பாருங்கள். நிலையிலோ தூணிலோ கரையான் மண் ஏறியிருந்தால் துடைத்து மறைக்க வேண்டாம். மருந்து அடித்து, ரசீதை வைத்திருங்கள். கரன்ட் பாக்கி இருந்தால் கட்டி, மோட்டார் ஓடுகிறதா பார்த்துவிடுங்கள்.

ஆட்களைக் காலை பத்து மணிவாக்கில் வரச் சொல்லுங்கள். முற்றத்தில் வெயில் இறங்கும் நேரத்தில்தான் இந்த வீடுகளுக்கு முகம் தெரியும். ஊஞ்சல் இருந்தால் கழற்றாதீர்கள். பெற்றோர் படங்களை மட்டும் முன்கூட்டியே எடுத்துப் போய்விடுங்கள். விலை பேசும் இடத்தில் அவை இருந்தால் உங்களுக்குத்தான் மனசு கஷ்டப்படும்.

அப்புறம், காகிதங்கள். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, பட்டா, வாரிசுச் சான்றிதழ் இவற்றின் நகல் தயாராக இருக்கட்டும். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அக்காவுக்கும் பங்கு உண்டு. அவருடைய சம்மதம் இல்லாமல் தரகரிடம் விலை சொல்லாதீர்கள்.

வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். பக்கத்து வீட்டாரிடம் விசாரித்து, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.