ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துப் பாடமாக்குவது உதவுமா?

கேள்வி இதுதான்: தம்பி நெடுங்கேணிப் பக்கம் தமிழ் மொழிமூலம் படிக்கிறான், ஓ.எல் எழுதப் போகிறான், ஆங்கிலச் சொற்களை எழுத்து வாரியாகப் பிரித்துப் பாடமாக்கச் சொல்கிறார்கள். இது உதவுமா, எந்த எழுத்துகளில் தொடங்கலாம்?

எந்த எழுத்துகள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ‘ஏ’யில் தொடங்கும் நூறு சொல், ‘பி’யில் தொடங்கும் நூறு சொல் என்று விற்கிற சின்னப் புத்தகங்களை விட்டுவிடுங்கள். அப்பிளுக்கும் ஆங்கிளுக்கும் ஒரு சொந்தமும் கிடையாது. அகராதி வரிசை சொல்லைத் தேடத்தான் உதவும். ஆனால் தலையில் இரண்டு எழுத்து சேர்ந்து வரும் சில கூட்டங்களில் பொருளும் கூடவே வரும். நான் மாங்குளத்தில் பின்னேர வகுப்பு எடுக்கிறேன். பிள்ளையளுக்கு முதலில் கொடுப்பது அந்தக் கூட்டங்களைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ‘டபிள்யூ, ஆர்’. இதில் டபிள்யூவுக்குச் சத்தம் இல்லை, ஆனால் சொல்லுக்குள் ஒரு முறுக்கு இருக்கும். ரிஸ்ட் என்றால் மணிக்கட்டு, கை திரும்புகிற இடம். ரிங் என்றால் தோய்த்த உடுப்பை முறுக்கிப் பிழிவது. டபிள்யூ இல்லாமல் எழுதினால் மோதிரம் ஆகிவிடும். புழு நெளிவது ரிகிள். வலியில் உடம்பை முறுக்கித் துடிப்பது ரைத். தோலில் விழும் சுருக்கம் ரிங்கிள். பூவை வளைத்துக் கட்டினால் ரீத், மலர்வளையம். ரென்ச் என்றால் பலமாகத் திருகி இழுப்பது. லாண்ட்மாஸ்டர் திருத்துகிற பெடியள் ‘பைப் ரென்ச்’ என்று கையில் வைத்திருப்பதும் அதே சொல்தான். டீவியில் ரெஸ்லிங் பார்க்காத பெடியன் இல்லை, அதுவும் ஆளை ஆள் முறுக்குகிற வேலை. இவ்வளவும் சொன்ன பிறகு ‘ரோங்’ என்ற சொல்லை எடுப்பேன். பிழை என்று எல்லாருக்கும் தெரியும். பழைய ஸ்கண்டிநேவிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள் கோணல். கோணல் புத்தி என்று நாங்களும் சொல்கிறோம்தானே. அதற்குப் பிறகு அந்தச் சொல்லில் ஒரு பிள்ளையும் டபிள்யூவை விடுவதில்லை.

எழுதுவதைக் குறிக்கும் ‘ரைட்’ இந்தக் கூட்டத்தில் சேராது. பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கீறுவது என்று பொருள். படம் கீறினேன் என்று சொல்கிற எங்கள் பிள்ளையளுக்கு, ஓலையில் எழுத்தாணியால் கீறியதை ஒருமுறை நினைவுபடுத்தினால் போதும்.

“சத்தம் இல்லாட்டி ஏன் சேர் அந்த எழுத்து?” என்று எல்லா வகுப்பிலும் ஒருவன் கேட்பான். நியாயமான கேள்வி. முந்தி சத்தம் இருந்தது. ‘கே, என்’ கூட்டத்திலும் அப்படித்தான், முழங்காலுக்கான ‘நீ’யை ஒருகாலத்தில் ‘க்னீ’ என்றே சொன்னார்கள். ஜெர்மன்காரர் இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் வாயில் 17ஆம் நூற்றாண்டளவில் ‘க்’ தேய்ந்து போனது. அதற்கு முன்பே, 1476இல், வில்லியம் கக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் திறந்துவிட்டார். அச்சில் ஏறிய எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, நாக்கு தன்பாட்டில் மாறிக்கொண்டு போனது. இன்றைக்கு டிக்டேஷனில் புள்ளி குறைகிறதென்றால் காரணம் இதுதான்.

‘கே, என்’னில் உருண்டு திரண்ட பொருள்கள் நிறைய. நீ என்றால் முழங்கால், நொப் என்றால் கதவுக் குமிழ், நொட் என்றால் முடிச்சு. கடலில் கப்பலின் வேகத்தைச் சொல்லும் நொட்டும் அதே முடிச்சுத்தான். முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு ஓடுகிறது என்று எண்ணினார்கள். ஒரு நொட் மணிக்கு 1.852 கிலோமீட்டர். நக்கிள் என்றால் விரல் மொளி. கையைப் பொத்திப் பார்த்தால் மொளிகள் எழும்பி நிற்குமே, கண்டிப் பக்கத்து மலைத்தொடரும் அப்படித் தெரிந்ததால்தான் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். பாடப் புத்தகத்தில் அந்தப் பெயரைப் படித்திருப்பான், எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

‘எஸ், என்’ மூக்குக்கு உரியது. ஸ்னீஸ் தும்மல், ஸ்னோர் குறட்டை, ஸ்னிஃப் மோப்பம், ஸ்னவுட் பன்றியின் நீண்ட மூக்கு. ஸ்னொட் என்றால் மூக்குச்சளி. இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும், சிரித்த சொல் மறக்காது. பாம்பும் நத்தையும் இதே எழுத்துகளில்தான் தொடங்குகின்றன, அவற்றுக்கும் மூக்குக்கும் தொடர்பு தேட வேண்டாம்.

‘ஜீ, எல்’ வெளிச்சத்துக்கு. இங்கே சொற்கள் கிட்டக் கிட்ட இருக்கும், அதனால் ஒவ்வொன்றுக்கும் கண்ட காட்சி ஒன்றைக் கொடுக்க வேண்டும். அடுப்புத் தணல் க்ளோ. கூறைச் சேலைச் சரிகை க்ளிட்டர். புளி போட்டு மினுக்கிய குத்துவிளக்கு க்ளீம். பனியில் நனைந்த நெற்தாள் க்ளிஸன், அதில் நடுவில் ஒரு ‘டீ’ பேசாமல் நிற்கும். யானைக் காவலுக்குப் போட்ட கொட்டிலில் தூரத்தில் மினுங்குகிற லாம்பு க்ளிம்மர். ஏ9 வீதியில் இரவு எதிரே வருகிற பஸ், லைட்டைக் குறைக்காமல் கண்ணைக் கூசவைத்தால் க்ளேர். ஒருவரை முறைத்துப் பார்ப்பதற்கும் இதே சொல்தான். தமிழிலும் மின்னல், மின்மினி, மினுங்கல் என்று ஒரு குடும்பம் இருப்பதைக் காட்டினால் பிள்ளையள் தாங்களாகவே பிடித்துக்கொள்வார்கள். கையுறையும் பசையும் கூட ‘ஜீ, எல்’தான், ஆனால் வெளிச்சத்தோடு அவற்றுக்கு வேலை இல்லை. இப்படிப் பொருள் சுமக்கும் ஒலிக்கூட்டத்துக்கு 1930இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயர் வைத்தவர் ஃபேர்த் என்ற ஆங்கில மொழியியலாளர், அதற்கு முன் லாகூரில் பேராசிரியராக இருந்தவர்.

‘ஜீ, எச்’ வேறு சாதி. பொருள் ஒற்றுமை இல்லை, எழுத்துக்காக மட்டும் படிக்க வேண்டியது. நைட், லைட், ஃபைட், சைட் எல்லாவற்றிலும் முன்பு தொண்டையிலிருந்து ஒரு ஒலி வந்தது, அஃது என்பதில் வரும் ஆய்தத்துக்குக் கிட்டத்தட்ட. சில சொற்களில் அது ஊமையானது. லாஃப், கொஃப், இனஃப் ஆகியவற்றில் ‘ஃப்’ ஆனது. டிலைட் என்ற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது இந்த எழுத்துகள் அதில் இல்லவே இல்லை. லைட்டைப் பார்த்துப் பிறகு ஒட்டவைத்தார்கள்.

தம்பிக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள், ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம். ‘டபிள்யூ, ஆர்’ முதலில், ‘ஜீ, எச்’ கடைசியில். சொல்லுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பொருளோடு நிறுத்தாமல் தன் ஊரில் கண்ட ஒன்றை வைத்து ஒரு வசனமும் எழுதட்டும். ஒன்றை மட்டும் ஒரே பக்கத்தில் எழுத விடாதீர்கள்: அமைதிக்கான குவயட்டும், ஓரளவு என்ற குவைட்டும். இரண்டிலும் அதே ஐந்து எழுத்துகள், கடைசி இரண்டு மட்டும் இடம் மாறி நிற்கும். சேர்த்துப் படித்தவன் பரீட்சையில் இரண்டையும் குழப்புவான். ஒன்றை நன்றாகப் பழகி ஒரு மாதம் போன பிறகு மற்றதைத் தொடட்டும்.