மறைந்து அறுபது வருடங்களுக்கு மேல் ஆகியும் ராக் அண்ட் ரோல் பாடகர் பட்டி ஹாலியின் நினைவு நாளுக்கு ரசிகர்கள் கூடுகிறார்களாமே, அங்கே என்னதான் செய்கிறார்கள்? நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா?

உண்டு. மினியாபொலிஸில் வேலை பார்த்த காலத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால், ஆடுகிறார்கள். அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்று ஏரிக்கரையில் ஒரு சின்ன ஊர். பிப்ரவரி மாதக் குளிரில் அங்கே போய், அவர் கடைசியாகப் பாடிய அதே அரங்கத்தில் ராத்திரி வெகுநேரம் வரை ஆடுகிறார்கள். பகலில் அவருடைய விமானம் விழுந்த வயலை நடந்து போய்ப் பார்த்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் வந்து ஆடுகிறார்கள். அழுதுகொண்டு நிற்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அவரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பட்டி ஹாலி டெக்சஸ் மாநிலம் லபக் நகரத்துக்காரர். 1936-இல் பிறந்தவர். கறுப்புச் சட்டம் போட்ட தடித்த மூக்குக்கண்ணாடி, ஒல்லியான உடம்பு, கையில் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார். எல்விஸ் மாதிரி அழகன் இல்லை. 1957 பிப்ரவரியில் நியூ மெக்சிகோவின் கிளோவிஸ் என்ற ஊரில் நார்மன் பெட்டியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 'தட்ல் பி த டே' பாட்டைப் பதிவு செய்தார். அதே வருடம் செப்டம்பரில் அது அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது. 1959 பிப்ரவரி 3 அதிகாலையில் விமான விபத்தில் இறந்துவிட்டார். வயது 22. அவர் உச்சத்தில் இருந்த காலம் இரண்டு வருடம்கூட இல்லை.

அந்தக் கடைசிப் பயணத்தைப் பற்றிச் சொல்லாமல் ரசிகர்களைப் புரிந்துகொள்ள முடியாது. 'வின்டர் டான்ஸ் பார்ட்டி' என்று பெயர் வைத்து, 24 நாளில் 24 ஊர்கள் என்று கச்சேரிக்குத் தேதி போட்டிருந்தார்கள். யாரோ வரைபடத்தைப் பார்க்காமலே போட்ட தேதிகள். இன்று வடக்கே, நாளை தெற்கே, மறுநாள் திரும்பவும் வடக்கே. ஏற்றிப் போன பேருந்துகளில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. ஜனவரி கடைசியில் விஸ்கான்சினில் நடு ராத்திரி வண்டி நின்றுபோய், டிரம்ஸ் வாசித்த கார்ல் பஞ்ச் பாதம் குளிரில் விறைத்து ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். இந்த லட்சணத்தில் பிப்ரவரி 2 அன்று கிளியர் லேக் வந்து சேர்ந்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒன்றேகால் டாலர்.

ஹாலிக்குப் பேருந்து வெறுத்துப்போய்விட்டது. அடுத்த கச்சேரி மினசோட்டாவின் மூர்ஹெட்டில். தலைக்கு 36 டாலர் கொடுத்து ஒரு சிறிய பீச்கிராஃப்ட் போனான்ஸா விமானத்தை ஏற்பாடு செய்தார். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் கொஞ்சம் தூங்கலாம், அழுக்குத் துணிகளையும் துவைக்கப் போடலாம் என்பதுதான் எண்ணம். விமானியைத் தவிர மூன்று பேர்தான் போகலாம். பேஸ் கிட்டார் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ், காய்ச்சலில் கிடந்த பாடகர் 'பிக் பாப்பர்' ஜே.பி. ரிச்சர்ட்சனுக்குத் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். உன் பேருந்து உறைந்து போகட்டும் என்று ஹாலி கிண்டல் செய்ய, உன் விமானம் விழட்டும் என்று இவரும் கிண்டலாகச் சொல்லிவிட்டார். ஜென்னிங்ஸ் பிற்பாடு அமெரிக்கக் கன்ட்ரி இசையில் பெரிய நட்சத்திரமானார். அந்த ஒரு வாக்கியம் மட்டும் காலம் பூராவும் அவரை விடவில்லை. மூன்றாவது இடத்துக்காக ஹாலி குழுவின் கிட்டார்காரர் டாமி ஆல்சப்பும் பாடகர் ரிச்சி வேலன்ஸும் நாணயம் சுண்டினார்கள். வேலன்ஸ் ஜெயித்தார். அவருக்கு 17 வயது.

நாணயத்தைச் சுண்டியது யார் என்பது ரசிகர்களிடையே இன்னும் தீராத வழக்கு. சுண்டியது நான்தான் என்று ஆல்சப் சொல்லிவந்தார். அன்று நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய வானொலி அறிவிப்பாளர் பாப் ஹேல், இல்லை நான்தான் என்றார். அரங்க வாசலில் நுழைவுக்கு வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இருந்த இருவர் இதைப் பற்றித்தான் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் எழுபது வயதுக்கு மேல் இருக்கும். நம்மூர் டீக்கடையில் எம்ஜிஆர், சிவாஜி சண்டை போடுபவர்களின் முகம் அப்படியே இருந்தது.

இனி அரங்கம். சர்ஃப் பால்ரூம் என்று பெயர். பழைய கட்டடம் 1947-இல் தீப்பிடித்து எரிந்துபோக, 1948-இல் தெருவுக்கு எதிர்ப்புறம் இதைக் கட்டினார்கள். வெளியில் ஏரி உறைந்து கிடக்கும். உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் தென்னை மரம், கடல் அலை, தலைக்கு மேல் மேகம் நகர்கிற மாதிரி வெளிச்சம். அயோவாக்காரர்களுக்குக் கடற்கரையைக் காட்டுகிறார்களாம்! 2021-இல் அமெரிக்க அரசு இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. முன்கூடத்தில் ஒரு பழைய பொதுத் தொலைபேசி இருக்கிறது. ஹாலி தன் மனைவி மரியா எலேனாவைக் கடைசியாகக் கூப்பிட்டது அதிலிருந்துதான் என்பார்கள். திருமணமாகி ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த போன் பக்கத்தில் எப்போதும் யாராவது படம் எடுத்துக்கொண்டு நிற்பார்கள்.

எனக்கு மனதில் நின்றது வேறொன்று. வருகிற பெண்மணிகள் முழங்கால் வரை பனிபூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் ஒரு துணிப்பையோடு வருகிறார்கள். உள்ளே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறார்கள். பையிலிருந்து தட்டையான அடிப்பாகம் கொண்ட ஆட்டக் காலணியை எடுத்து மாட்டிக்கொள்கிறார்கள். அப்புறம்தான் தரையில் கால் வைக்கிறார்கள். ஈர பூட்ஸோடு யாராவது அந்த மரத்தரையை நெருங்கினால் ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், கோவிலுக்குள் செருப்போடு போன மாதிரி! எண்பதை நெருங்கிய ஒரு தம்பதி ஜிட்டர்பக் என்ற வேகமான ஜோடி ஆட்டம் ஆடினார்கள். அவர் மனைவியைச் சுழற்றிவிட்டுக் கையைப் பிடிக்கும் இடம் ஒவ்வொரு முறையும் துல்லியமாக இருந்தது. பாட்டு முடிந்ததும் இருவரும் சுவரோரத்து இருக்கையில் சாய்ந்து, அடுத்த பாட்டு வேகமானதா மெதுவானதா என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

இந்த நினைவுக் கூட்டம் ஆரம்பித்தது 1979-இல், இருபதாவது ஆண்டில். அதன் பிறகு வருடாவருடம் நடக்கிறது, பல நாள் விழாவாக. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள், இங்கிலாந்திலிருந்துகூட. எல்விஸுக்கு மெம்பிஸில் ஆகஸ்ட் 15 இரவு மெழுகுவத்தி ஏந்தி வரிசையாகச் சென்று சமாதியைச் சுற்றி வருவார்கள். அது பக்தி. கிளியர் லேக்கில் நடப்பது அப்படியல்ல. நான் புரிந்துகொண்டது இது: இவர்கள் நினைத்துப் பார்ப்பது பிப்ரவரி 3-ஐ அல்ல, பிப்ரவரி 2-ஐ. விபத்தை அல்ல, அதற்கு முந்தைய கச்சேரியை. அன்று வந்த பையன்களும் பெண்களும் ஆடத்தான் வந்தார்கள். அந்த மாலை நன்றாகவே நடந்தது, கூட்டமும் நிறைந்திருந்தது. அதைத்தான் ஒவ்வொரு வருடமும் திரும்ப நடத்துகிறார்கள். 1971-இல் வந்த 'அமெரிக்கன் பை' பாட்டு அந்தத் தேதியை இசையே செத்துப்போன நாள் என்று ஊரெல்லாம் சொல்ல வைத்துவிட்டது. எனக்கு அது ஒப்பவில்லை. கிளியர் லேக்கில் அந்தப் பேச்சு விளம்பரப் பலகையில் இருக்கிறதே ஒழிய, ஆடுபவர்கள் யாரும் அப்படிப் பேசிக் கேட்கவில்லை.

வயலுக்கும் போனேன். ஊருக்கு வடக்கே சில மைல் தூரம். தார்ச்சாலை முடிந்து சரளைச் சாலை. திரும்ப வேண்டிய இடத்தில் இரும்பில் செய்த ராட்சத மூக்குக்கண்ணாடி ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். அதுதான் அடையாளம், வேறு பலகை தேவையில்லை. அங்கிருந்து வேலியோரமாக நடக்க வேண்டும். சோளம் விளைகிற தனியார் நிலம், சொந்தக்காரர்கள் பெருந்தன்மையாக விட்டு வைத்திருக்கிறார்கள். முன்னால் போனவர்களின் காலடி பனியில் பள்ளமாகப் பதிந்திருக்கும், அதிலேயே கால் வைத்துப் போனால் விழாமல் போகலாம். கடைசியில் துருப்பிடிக்காத எஃகில் ஒரு கிட்டாரும் மூன்று இசைத்தட்டுகளும். கென் பாக்கெட் என்ற ரசிகர் 1988-இல் செய்து வைத்தது. அதைச் சுற்றிப் பிளாஸ்டிக் பூ, கிட்டார் மீட்டும் வில்லை, நாணயங்கள், இரவல் வாங்கியது போலப் பழைய மூக்குக்கண்ணாடிகள். சிலதுக்கு ஒரு பக்கம் கண்ணாடியே இல்லை.

அங்கே இன்னொரு நினைவுச் சின்னமும் இருக்கிறது. ரசிகர்கள் மேல் எனக்கு மரியாதை வந்தது அதைப் பார்த்துத்தான். விமானி ராஜர் பீட்டர்சனுக்கு 21 வயது. அவருக்கும் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். வெளியே ஒன்றும் தெரியாத ராத்திரியில் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் தகுதி அவருக்கு இல்லை. விமானம் சாய்வதைக் காட்டும் கருவியோ அவர் பழகியதற்கு நேர் எதிராகக் காட்டும் வகை. மோசமான வானிலை வருகிறது என்ற எச்சரிக்கையும் அவரிடம் சேரவில்லை. விசாரணை அறிக்கையில் இதெல்லாம் இருக்கிறது. ஆனாலும் மூன்று நட்சத்திரங்களைக் கொன்றவர் என்று பழி அவர் தலையில்தான் விழுந்தது. பல ஆண்டுகள் எந்தக் கல்வெட்டும் அவருக்கு இல்லை. 2009-இல், ஐம்பதாவது ஆண்டில், அதே பாக்கெட் பீட்டர்சனுக்கும் ஒரு சின்னம் செய்து அதே இடத்தில் வைத்தார்.

பிக் பாப்பர் இறந்தபோது அவர் மனைவி கர்ப்பிணி. அதே வருடம் ஏப்ரலில் பிறந்த மகன் வளர்ந்து, அப்பாவின் பாட்டுகளையே மேடையில் பாடினார், சர்ஃப் பால்ரூமிலும். விமானத்துக்குள் துப்பாக்கி வெடித்தது என்று ஒரு வதந்தி ரொம்ப நாள் சுற்றியது. வயலில் ஹாலியின் கைத்துப்பாக்கி கிடைத்ததால் வந்த கதை. 2007-இல் அந்த மகன் அப்பாவின் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்க வைத்தார். குண்டு பட்ட அடையாளம் ஒன்றும் இல்லை, எலும்புகள் விழுந்த வேகத்திலேயே நொறுங்கியிருந்தன. வதந்தி அத்தோடு ஓய்ந்திருக்க வேண்டும். இன்னும் அங்கங்கே கேட்கிறது.

ஹாலியின் நிஜ மூக்குக்கண்ணாடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பனி உருகியபோது வயலில் கிடைத்து, உறையில் போட்டு மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். அப்படியே மறந்தும் போனார்கள். 1980-இல் பழைய கோப்புகளைக் கிளறும்போது கிடைத்தது. இப்போது லபக்கில் பழைய ரயில் நிலையக் கட்டடத்தில் இருக்கும் அவருடைய அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இவ்வளவு குறைந்த காலம் பாடியவருக்கு ஏன் இவ்வளவு என்றால், அவருக்குப் பின் வந்தவர்களைப் பாருங்கள். சொந்தமாகப் பாட்டெழுதி, இரண்டு கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் குழு என்ற அமைப்பை ஊருக்கு ஊர் பையன்கள் பிடித்துக்கொண்டது அவரையும் அவருடைய கிரிக்கெட்ஸ் (சில்வண்டுகள்) குழுவையும் பார்த்துத்தான். பீட்டில்ஸ் என்று பூச்சிப் பெயர் வைத்ததற்கு அந்தக் கிரிக்கெட்ஸ் ஒரு காரணம். பீட்டில்ஸ்காரர்கள் அதற்கு முன் குவாரிமென் என்ற பெயரில் 1958-இல் முதன்முதலாகப் பதிவு செய்த பாட்டு ஹாலியினுடையதுதான். பால் மெக்கார்ட்னி பின்னாளில் ஹாலியின் பாட்டு உரிமைகளையே வாங்கினார். பாப் டிலன் 17 வயதில், விபத்துக்கு மூன்று நாள் முன்பு, மினசோட்டாவின் டியூலூத்தில் ஹாலி பாடியதை முன்வரிசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். 2017-இல் நோபல் பரிசு உரையைத் தொடங்கியதே அவரைப் பற்றிப் பேசித்தான். மூர்ஹெட்டில் அன்றிரவே கச்சேரியை நடத்தினார்கள். நான்கு பேர் உடல் வயலில் கிடைத்த அதே நாளில்! மனசாட்சியில்லாத வேலை என்பேன். இருந்தாலும் அந்த இடைவெளியை நிரப்ப மேடையேறிய உள்ளூர்ப் பையன்களில் ஒருவர், 15 வயது பாபி வீ, அங்கிருந்துதான் பாடகராகக் கிளம்பினார்.

ஹாலியை நேரில் கேட்டவர்கள் வருடத்துக்கு வருடம் குறைகிறார்கள், அது கண்ணுக்கே தெரிகிறது. பேரப் பிள்ளைகளும் வருகிறார்கள், ஆனால் கூட்டத்தில் பாதிக்கும் மேல் நரைத்த தலைதான்.

போக நினைப்பவர்கள் டிக்கெட்டையும் அறையையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள், சின்ன ஊர், கடைசி நேரத்தில் கிடைக்காது. மினியாபொலிஸிலிருந்து நெடுஞ்சாலை 35-இல் நேராகத் தெற்கே இரண்டு மணி நேரம். போக முடியாதவர்கள் 'எவ்ரிடே' பாட்டிலிருந்து ஆரம்பியுங்கள். டிரம்ஸ் மாதிரிக் கேட்பது டிரம்ஸ் அல்ல, கிரிக்கெட்ஸ் குழுவின் டிரம்ஸ்காரர் ஜெர்ரி அலிசன் தன் தொடையில் தட்டுகிற சத்தம். கூடவே மணி மாதிரி ஒலிப்பது செலஸ்டா என்ற சின்ன பியானோ போன்ற கருவி, நார்மன் பெட்டியின் மனைவி வாசித்தது. வயலின்கள் சேர்த்து நியூயார்க்கில் பதிவான பாட்டுகளை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.