இறங்கும்போது மட்டும் ஏன் காது வலிக்கிறது?

கேள்வி: விமானம் மேலே ஏறும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. இறங்கும்போதுதான் காது அடைத்து, உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. போன முறை சளியும் பிடித்திருந்தது. இரண்டு நாள் சரியாகவே கேட்கவில்லை. காதில் ஏதாவது கோளாறா?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பெரிய கோளாறாகத் தெரியவில்லை. செவிப்பறைக்குப் பின்னால், நடுக்காதில், கொஞ்சம் காற்று இருக்கிறது. வெப்பநிலை மாறாதபோது அழுத்தம் கூடினால் வாயு சுருங்கும், குறைந்தால் விரியும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி அது. நம் உடம்பு எப்போதும் 37 டிகிரியை ஒட்டியே இருப்பதால், 'வெப்பநிலை மாறாதபோது' என்ற நிபந்தனைக்குக் காதுக்குள் குறையே இல்லை!

பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் தரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். அதனால் மூன்று பங்கு இடத்தில் இருந்த காற்றுக்கு நான்கு பங்கு இடம் தேவைப்படுகிறது. உபரிக் காற்று யூஸ்டேஷியன் குழாய் வழியாக மூக்கின் பின்புறம் தானே கசிந்துவிடும். உங்களுக்கு ஏறும்போது வலிக்காதது அதனால்தான்.

இறங்கும்போது மிச்சமிருக்கும் காற்று சுருங்கி, செவிப்பறையை உள்ளே இழுக்கிறது. வெளிக்காற்று உள்ளே போனால் சரியாகிவிடும். ஆனால் அந்தக் குழாய் காற்றை வெளியே விடுவதுபோல் எளிதில் உள்ளே விடாது. எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் திறக்கும். சளியில் வீங்கியிருந்தால் அதுவும் சிரமம்.

அதனால் விமானம் இறங்கத் தொடங்கும் நேரத்தில் தூங்காதீர்கள். மிட்டாய் சப்புங்கள், அடிக்கடி விழுங்குங்கள். மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மெதுவாகக் காற்றைத் தள்ளலாம்; பலம் காட்ட வேண்டாம். வலி வரும் முன்பே தொடங்குவது முக்கியம். அழுத்த வித்தியாசம் அதிகமாகிவிட்டால் குழாய் இறுகிக்கொள்ளும், அப்புறம் விழுங்கியும் பயன் இல்லை. சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். முடியாதென்றால், இறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பு மூக்கடைப்புச் சொட்டு மருந்து உதவலாம். ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம். காதில் ரத்தம் வந்தாலோ, தலை சுற்றினாலோ, சில நாட்களாகியும் கேட்காவிட்டாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். விழித்திரை அறுவை சிகிச்சையில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பார்கள். அதுவும் இப்படியே விரியும். அங்கே கசிந்து வெளியேற வழி இல்லை, பார்வையே போகலாம். குமிழி முழுதும் கரைந்துவிட்டது என்று கண் மருத்துவர் சொல்லும்வரை அவர்கள் விமானம் ஏறவே கூடாது.