காய் மேல் இருக்கும் பாக்டீரியா நல்லதா, கெட்டதா?

கேள்வி: சூரமங்கலம் உழவர் சந்தையில் காய் வாங்கி வந்ததும் எல்லாவற்றையும் உப்பும் மஞ்சளும் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துவிடுவேன். நுண்ணுயிரியல் படிக்கும் என் மகள், "காய் மேல் நல்ல பாக்டீரியாவும் இருக்கும்மா, அதை வைத்தே பயிர் நோயை அடக்கலாம்" என்கிறாள். அப்படியானால் கழுவ வேண்டாமா?
- வாசகி, சேலம்

பதில்: மகள் சொல்வது உண்மைதான் அம்மா. ஆனாலும் கழுவத்தான் வேண்டும்.

இலையின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 10 லட்சம், சில சமயம் 1 கோடி பாக்டீரியா கூட இருக்கும். நரம்போரம், ரோமத்தின் அடி, இலைத்துளை என்று ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்துக் கூடியிருக்கும். பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாது. முட்டைக்கோஸை நறுக்கி உப்பு போட்டு மூடி வைத்தால் தானாகப் புளிக்கிறதே, அந்த லாக்டிக் அமில பாக்டீரியா இலையோடு வந்ததுதான்.

மகளிடம் ஆய்வகத்தில் ஒன்று செய்து பார்க்கச் சொல்லுங்கள். முட்டைக்கோஸ் இலையை அகார் தட்டில் (பாக்டீரியா வளர்க்கும் கூழ் ஊற்றிய தட்டு) மெல்ல அழுத்தி எடுத்துவிட்டு இரண்டு நாள் விட்டால், இலை பட்ட இடமெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் எழும்பும். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அழுகல் பூஞ்சை வளர்கிற தட்டில் கோடாகத் தீற்ற வேண்டும். முக்கால்வாசிக் கோடுகள் மேல் பூஞ்சை பாட்டுக்கு ஏறிப் போய்விடும், ஒன்றிரண்டின் முன்னால் மட்டும் அரை விரல் தள்ளி அப்படியே நின்றுவிடும், நடுவில் வெறும் அகார் தெரியும். முதல்முறை அதைப் பார்த்த அன்று தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன்.

பூஞ்சையை அப்படி நிறுத்தும் பாக்டீரியா பல விதம். பேசில்லஸ் சப்டிலிஸ் என்பது சுரக்கும் பொருள் பூஞ்சையின் செல் சவ்வைக் கிழிக்கும். சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற இன்னொன்று சுற்றியுள்ள இரும்புச்சத்தைத் தானே இழுத்துக்கொண்டு எதிரியைப் பட்டினி போடும். இன்னும் சில, இடத்தையும் சாப்பாட்டையும் முன்னாலேயே பிடித்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் பேரிக்காய் மரத்திலிருந்து எடுத்த ஏ506 என்ற பாக்டீரியா வகை அப்படித்தான் பூவைத் தாக்கும் கருகல் நோயைத் தடுக்கிறது.

ஆனால் அதே காயில், பச்சைச் சாணத்திலிருந்தோ சாக்கடை கலந்த தண்ணீரிலிருந்தோ வந்த, வயிற்றைக் கெடுக்கும் பாக்டீரியாவான ஈ.கோலையும் சால்மோனெல்லாவும் ஒட்டியிருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. உப்பும் மஞ்சளும் அவற்றைப் பெரிதாகக் கொல்வதில்லை. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுங்கள், அதுவும் சமைக்கும் முன்பு. வாங்கி வந்ததுமே நனைத்து ஈரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் அழுகும்.

கேள்வி: மேச்சேரி பக்கம் தக்காளி போட்டிருக்கிறேன். நோயில்லாத செடியின் பழத்தைக் கழுவிய தண்ணீரையே நாற்றில் தெளித்தால் என்ன?
- விவசாயி

பதில்: வேண்டாம் அண்ணா. யோசனை நல்ல யோசனைதான், ஆராய்ச்சியாளர்களும் நோயில்லாத செடியில்தான் தேட ஆரம்பிப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீரில் நல்லது மட்டும் வராது, காயை அழுகவைப்பதும் சேர்ந்தே வரும். சூடோமோனாஸ் குடும்பத்திலேயே அழுகலை உண்டாக்கும் உறவுக்காரர்கள் உண்டு. பர்கோல்டேரியா செபாசியா என்று ஒன்று, பயிர் நோயை அருமையாக அடக்கியது, ஆனால் நுரையீரல் நோயாளிகளுக்கு ஆபத்து என்று தெரிந்ததும் அமெரிக்காவில் அதைக் கைவிட்டார்கள். தட்டில் ஜெயிப்பது வயலில் ஜெயிக்கும் என்பதும் இல்லை, நம் சித்திரை வெயிலில் இலை மேல் விழுந்த பாக்டீரியா சீக்கிரமே செத்துவிடும்.

சோதித்துத் தேறிய சூடோமோனாஸ் தூளையே வாங்குங்கள். கிலோ விதைக்கு 10 கிராம். நிலத்துக்கு என்றால் ஏக்கருக்கு 1 கிலோவை 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து போடலாம். தெளிப்பதானால் சாயங்காலம் தெளியுங்கள், தாமிர மருந்தோடு கலக்கவே கூடாது. அதில் இருப்பது உயிர், நாள் ஆக ஆகக் குறைந்துகொண்டே வரும், அதனால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒரு செடியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.