இன்வெர்ட்டர் மாடியில், அத்தை கீழே

கேள்வி: ஜாபர்கான்பேட்டையில், அடையாற்றை ஒட்டிய தெருவில் எங்கள் சொந்த வீடு இருக்கிறது. கொசு, நாற்றம், மழை வந்தால் பயம். 2015 டிசம்பரில் கீழ்த்தளத்தில் கதவு நிலையின் உச்சி வரை தண்ணீர் ஏறியது. அதன் பிறகு இன்வெர்ட்டரையும் வாஷிங் மெஷினையும் மாடிக்கு மாற்றிவிட்டோம். அத்தைக்கு முழங்கால் வலி, கீழேதான் படுக்கிறார். மழைக்காலத்தில் அவர் கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்திவிடுவோம். வீட்டை விற்றுவிட்டுக் கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கலாம் என்றால், பிறந்து வளர்ந்த இடம் என்று கணவர் மறுக்கிறார். அவரை எப்படிச் சம்மதிக்கவைப்பது?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை. கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: எத்தனை செங்கல், அம்மா?

நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மூன்றரைப் பக்கம் கொசுவும் கணவரும். செங்கல்லுக்கு ஒரே ஒரு வரி. நான் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு செங்கல் மூன்று அங்குல உயரம். இரண்டை அடுக்கினால் அரை அடி. கதவு நிலையின் உச்சி ஏறக்குறைய ஏழு அடி. இந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பார்க்கவில்லை என்று நான் நம்ப மாட்டேன், ஏனென்றால் இன்வெர்ட்டருக்குச் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். செங்கல் வைத்தால் கட்டிலின் கால் உளுத்துப்போகாது. கட்டிலில் படுத்திருப்பவருக்கு அதனால் என்ன லாபம்?

ஆற்றங்கரை வாழ்க்கையை எனக்கு நீங்கள் விளக்க வேண்டியதில்லை. சைதாப்பேட்டையில் இதே ஆற்றின் கரையில் பதினோரு ஆண்டுகள் குடியிருந்தேன். பொழுது சாயும்போதே ஜன்னலைச் சாத்திவிட வேண்டும். கொசுவலைக்குள் உட்கார்ந்துதான் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும். ஐப்பசி பிறந்தால் பால்காரர் முதல் இஸ்திரி போடுகிறவர் வரை எல்லோரும் செம்பரம்பாக்கத்தில் எத்தனை அடி என்றுதான் விசாரிப்பார்கள். 24 அடியில் நிறைந்துவிடும் ஏரி அது என்பது அந்தத் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த ஏரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது என்பதையும் அங்கேதான் கற்றேன். அதன் உபரி நீர் திருநீர்மலையருகே ஆற்றில் சேருவதற்கு முன்பே முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளெல்லாம் வழிந்து இதே ஆற்றுக்கு வந்துவிடுகின்றன. கடைசியில் கடலும் இடம் கொடுக்க வேண்டும். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டு, கடலும் பொங்கியிருக்கும் நாளில் ஆறு எங்கே போகும்? தெருவுக்குத்தான்.

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டது. ஒரு கன அடி என்றால் ஏறக்குறைய இரண்டு குடம் தண்ணீர். விநாடிக்கு 58,000 குடம்! அது ஊருக்குள் வந்தது இரவில். மின்சாரம் இல்லை, பல இடங்களில் தொலைபேசியும் இல்லை. அப்படி இன்னொரு இரவு வந்தால், முழங்கால் மடக்க முடியாத ஒரு கிழவி இருட்டில் செங்கல் மேல் நிற்கும் கட்டிலிலிருந்து இறங்க வேண்டும். கட்டில் இப்போது அரை அடி உயரம் வேறு. கால் தரையில் எட்டுமா என்று என்றைக்காவது பார்த்தீர்களா?

உங்கள் கணவருக்கும் சொல்கிறேன், இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள். பிறந்து வளர்ந்த இடத்தின் மேல் இவ்வளவு பாசம் வைத்திருக்கிறவர், பெற்றவளைத் தண்ணீர் முதலில் நுழையும் அறையில் படுக்கவைத்துவிட்டு மாடியில் எப்படித் தூங்குகிறார்? மகன் செய்ய வேண்டியதை மருமகள் தலையில் கட்டுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வாஷிங் மெஷினை யார் சொல்லி மாடிக்கு ஏற்றினார்கள் என்று கேட்டால் நீங்களும் தப்ப முடியாது.

அத்தைக்கே மாடி பிடிக்கவில்லை என்று எழுதுவீர்கள், தெரியும். எந்தக் கிழவிக்குத்தான் பிடிக்கும்? வாசலில் உட்கார்ந்தால் பூக்காரி நின்று பேசுவாள், தெரு தெரியும். சரி, கோடைக்கு அவர் கீழேயே இருக்கட்டும். ஐப்பசி முதல் தை பிறக்கும் வரை மாடிதான். அவர் பிடிவாதத்தைச் சாக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறீர்களா?

மாடியில் மூன்று அறை, ஒன்று வந்து போகிறவர்களுக்கு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வந்து போகிறவர்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கட்டும். அந்த அறைக் கழிப்பறையில் உட்கார்ந்து எழும் வகைக் கோப்பையும் சுவரில் ஒரு கைப்பிடியும் பொருத்துங்கள். புரட்டாசியிலேயே, மழை தொடங்குவதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில், கைவைத்த நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு ஆண்கள் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ராத்திரி இரண்டு மணிக்கு இடுப்பளவுத் தண்ணீரில் அதே வேலையைச் செய்து பாருங்கள்!

கூடுவாஞ்சேரியைப் பற்றி ஒன்று. ஆற்றை விட்டு ஓடுவதாக நினைக்கிறீர்கள். அடையாறு பிறக்கும் ஆதனூர் ஏரி அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஃபிளாட்டின் பளிங்குத் தரையைப் பார்ப்பதற்கு முன், அந்த மனை முன்பு என்னவாக இருந்தது என்று அக்கம்பக்கத்துப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

விற்பதா வேண்டாமா என்பதற்கு இன்று நான் பதில் சொல்வதாக இல்லை. அத்தையின் கட்டில் மாடிக்குப் போனதும் எழுதுங்கள். அந்தச் செங்கற்களைக் கொல்லையில் போட்டுவிடுங்கள், தொட்டிச் செடிக்கு ஆகும்.