அப்பா துப்பாக்கிக்கு ட்ரெய்னிங் எதுக்குன்னு கேக்குறீங்க, துப்பாக்கி இப்ப எங்க இருக்கு?

கேள்வி: கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் காபி, மிளகு தோட்டம். அப்பா லைசன்ஸ் வச்சிருந்த சிங்கிள் பேரல் துப்பாக்கி, தை மாசம் அவர் தவறினதுல இருந்து வீட்டு பீரோவுலதான் இருக்கு. என் பேருக்கு மாத்தப் போனா ட்ரெய்னிங் சர்டிபிகேட் கேக்குறாங்க. பத்து வயசுல இருந்து துப்பாக்கி புடிக்கிறவன் நான், அப்பாவுக்கு முடியாம போன கடைசி வருஷங்கள்ல காட்டுப்பன்னி விரட்ட நான்தான் வெடி போட்டேன். எனக்கு எதுக்கு ட்ரெய்னிங்? குடகுல லைசன்ஸே இல்லாம வச்சிருக்காங்களே? ஹைகோர்ட்ல ரிட் மனு போடலாமா? அண்ணன் வேற துப்பாக்கி தனக்குத்தான்னு சண்டை போடுறார்.

பதில்: நாலு பக்கம் எழுதியிருக்கீங்க, ஆபீஸ்ல அலைய விட்டது, கிளார்க் எடுத்தெறிஞ்சு பேசினது, அப்பாவோட ஞாபகார்த்தம்னு எல்லாத்தையும் படிச்சேன். அதுல சட்டத்துக்கு வேணுங்கறது ‘பீரோவுலதான் இருக்கு’ங்கற ஒரே வரிதான்.

ட்ரெய்னிங் விஷயத்த சீக்கிரம் முடிச்சிடுறேன். 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ் 10வது விதியிலயே இருக்கு, பத்திரமா கையாளுறது, சுடுறது, பூட்டி வைக்கிறது, எடுத்துட்டுப் போறது, கொஞ்சம் சட்டம், இவ்வளவுதான் பாடம். துப்பாக்கி வச்சிருக்கறது அடிப்படை உரிமை இல்ல, அரசு குடுக்குற அனுமதி, அதனால ரிட் போட்டா வக்கீலுக்குத்தான் லாபம். குடகு கதை வேற, அது குடகு இனத்தாருக்கும், அங்க ஜம்மாங்கற பரம்பரை நில உரிமை வச்சிருக்கறவங்களுக்கும் மத்திய அரசு குடுத்த விதிவிலக்கு, 2029 வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க, திண்டுக்கல் மாவட்டத்துக்கு வராது. என்னைக் கேட்டா இந்த ட்ரெய்னிங் கட்டாயம்தான் வேணும், பரம்பரையா சுடுறோம்னு சொல்ற வீடுகள்லதான் தோட்டா போட்ட துப்பாக்கிய கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சிருக்கறத பாத்திருக்கேன்.

இப்ப பீரோவுக்கு வாங்க. லைசன்ஸ் அப்பாவோட போச்சு. அன்னையில இருந்து அந்த துப்பாக்கி உங்க கையில லைசன்ஸ் இல்லாத துப்பாக்கி. ஆயுதச் சட்டம் 21வது பிரிவு, தேவையில்லாத தாமதம் இல்லாம பக்கத்து ஸ்டேஷன்லயோ லைசன்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைக்கணும்னு சொல்லுது. ஒப்படைக்கலன்னா 25வது பிரிவு, குறைஞ்சபட்ச சிறைன்னு எழுதியிருக்கற பிரிவு அது. காரியம் முடியட்டும், வாரிசு சான்றிதழ் வரட்டும்னு இருந்தேன்னு சொன்னா ஒரு மாசத்துக்கு நம்புவாங்க, ஆடி மாசம் வரைக்கும் எவன் நம்புவான்.

இன்னைக்கே ஸ்டேஷனுக்கு போன் பண்ணி சொல்லிட்டு, அப்பா இறந்த தேதி போட்டு ஒரு லெட்டரோட ஒப்படைங்க. அதுக்கு முன்னாடி கார் டிக்கியில போட்டுட்டு கலெக்டர் ஆபீஸுக்கு கெளம்பிடாதீங்க. லைசன்ஸ்காரர் உயிரோட இருக்கும்போதே அவர் கூட இல்லாமலோ எழுதிக் குடுக்காமலோ ரிப்பேருக்குக்கூட மத்தவங்க தூக்கிட்டுப் போகக் கூடாது. தோட்டாவையும் எண்ணிக் குடுங்க, ரசீதுல துப்பாக்கி நம்பரும் தோட்டா கணக்கும் இருக்கணும். என்கிட்ட கேஸுக்கு வந்த ஒரு கட்சிக்காரர் துப்பாக்கிய ஒழுங்கா ஒப்படைச்சிட்டு பூஜை ரூம்ல பிஸ்கட் டப்பாவுக்குள்ள இருந்த பழைய தோட்டாவ மறந்துட்டார், கேஸ் அந்த டப்பாவ வச்சுதான் வந்துச்சு.

அடுத்தது உங்க வாய். ‘பத்து வயசுல இருந்து’, ‘நான்தான் வெடி போட்டேன்’னு பெருமையா எழுதியிருக்கீங்களே, இத பெட்டிஷன்ல எழுதிக் குடுத்தா அது வாக்குமூலம். லைசன்ஸ் இல்லாம சுட்டதுக்கு ஒரு கேஸ், பன்னி மேல பட்டிருந்தா வனத்துறை தனியா வரும். அனுபவம் இருக்குன்னு காட்டப் போய் மாட்டினவங்க நெறைய. பொய் சொல்லச் சொல்லல, ஃபார்ம்ல கேட்ட கேள்விக்கு உண்மையான பதில், கேக்காததுக்கு வாயத் திறக்க வேணாம். அதே மாதிரி க்ளாஸுக்குப் போகாம சர்டிபிகேட் வாங்கித் தர்றேன்னு ஏஜென்ட் வருவான். தப்பான தகவல் குடுத்து வாங்கின லைசன்ஸ ஆயுதச் சட்டம் 17வது பிரிவுல எப்ப வேணா ரத்து பண்ணலாம், போலி ஆவணக் கேஸும் கூட வரும், ஏஜென்ட் அப்ப போன் எடுக்க மாட்டான்.

கடைசியா அண்ணன். அவர் நியாயமா பேசுறாரா இல்லையாங்கறது எனக்கு வேண்டாம். துப்பாக்கி இத்தனை மாசமா வீட்ல இருக்குன்னு அவருக்குத் தெரியும், ஒரு மொட்டைப் பெட்டிஷன் போட்டார்னா நாளைக்கு காலைல ஜீப் உங்க வாசல்ல நிக்கும். ஆர்ம்ஸ் ரூல்ஸ் 25வது விதியில வாரிசு பேருக்கு லைசன்ஸ் கேக்க வழி இருக்கு, ஆனா மத்த வாரிசுங்க ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போடாம ஃபைல் நகராது, அம்மா கையெழுத்தும் சேத்துதான். அதனால சமாதானமாப் போங்க. பாகப்பிரிவினையில அவர் எதையோ கேக்குறார்ல, களத்துமேடோ மோட்டாரோ, அத விட்டுக்குடுத்து கையெழுத்து வாங்குங்க. மாட்டேன்னா துப்பாக்கிய டீலர்கிட்ட வித்து பணத்தப் பிரிச்சுக்கோங்க, பன்னிக்கு வேலி போட்டுக்கலாம். ஸ்டேஷன் ரசீது கைக்கு வர்ற வரைக்கும் அண்ணன்கிட்ட இதப் பத்தி வாட்ஸ்அப்ல ஒரு வார்த்தை எழுதாதீங்க.